நாலாவது குரல்

என் குரலை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்த அப்பாவுக்கு,

பன்னிரண்டு வருஷமாக உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. சோம்பல் என்று நினைக்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தால் நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள். 'நீங்கள் போனபிறகு' என்று ஆரம்பித்தால் இல்லை. இரண்டில் ஒன்றை எழுதத் தைரியம் வரவில்லை. போன வாரம் அண்ணன் உங்களுக்குக் கொள்ளி வைத்துவிட்டான். இனி எழுதலாம்.

நான் இப்போது போர்ட்பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளைக்கு மின்சார ஆபீஸில் வேலை. தங்கமான மனுஷர், பேச ஆரம்பித்தால்தான் நிறுத்தத் தெரியாது. உங்கள் பேத்தி மீனாவுக்கு ஆறு வயது. அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என்னை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது மீனாவை அதட்டிக்கொண்டிருக்கிறாள். மெட்ராஸ் கப்பல் இன்றைக்கும் சொன்ன நாளில் வருவதில்லை. அபர்டீன் பஜாரில் வெங்காயம் தீர்ந்துபோனால் அடுத்த கப்பல்வரை தீர்ந்ததுதான். நீங்கள் பார்த்த ஊர்தான், பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது ஊர்க்கதை இல்லை. ஒரு வார்த்தையைப் பற்றி. நான் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

அம்மா போன ஆறாம் மாதம் எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினீர்கள். பங்க் கிளாஸில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். இரண்டாம் நாள் என்னைக் காணோம் என்று கப்பல் முழுக்கத் தேடினீர்களாம். நான் யாரோ ஒரு அம்மாளின் போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது உங்கள் எண்ணிக்கை. எங்கே கிளம்பினாலும், படகோ லாரியோ, "எண்ணு!" என்பீர்கள். அக்கா "ஒண்ணு" என்பாள். அண்ணன் "ரெண்டு" என்பான். நான் "மூணு" என்று கத்துவேன். கடைசியில் நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு "நாலு" என்று சொன்னால்தான் வண்டி நகரும். டிரைவர்களுக்குக்கூட அது பழகிப்போயிருந்தது.

ரோடு போடும் கேம்பில் உங்களுக்கு ஹாஜிரி முன்ஷி வேலை கிடைத்ததும் பொருத்தம்தான். காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுக்கிற வேலை. ராஞ்சிக்காரர்கள், வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், நம் ஆட்கள் என்று அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். வராதவனுக்குப் பதிலாகக் கூட்டாளி "ஹாஜிர்", இருக்கிறேன் என்று குரல் கொடுத்தால், நீங்கள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டீர்கள். பென்சிலைக் கீழே வைத்துவிடுவீர்கள். அவ்வளவுதான். நிஜமான ஆள் வந்து நிற்கும்வரை அந்தப் பென்சில் எழாது. "முன்ஷிஜியோட காதை ஏமாத்த முடியாது" என்று கேம்பு முழுக்கப் பேச்சு.

எனக்கு அதில் பெருமை. அதோடு ஒரு கெட்ட ஆசையும் இருந்தது. நான் எல்லார் மாதிரியும் பேசுவேனே, ஞாபகமிருக்கிறதா? ஓவர்சியர் மூக்கால் பேசுவதை நான் பேசிக் காட்டினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பீர்கள். "பெரியவங்கள நையாண்டி பண்ணக் கூடாது" என்று சொல்லும்போதும் தோள் குலுங்கும். உங்கள் காதை ஒரே ஒரு தடவை ஏமாற்றிவிடவேண்டும் என்று பதினான்கு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். பழைய கேம்பைக் கலைத்து, ஓடைக்கு அப்பால் புதுக் கேம்புக்குப் போன நாள். கூடாரங்களைச் சுருட்டி லாரியில் ஏற்றியாகிவிட்டது. நீங்கள் ரிஜிஸ்தரோடும் குடையோடும் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நாங்கள் பின்னால். அப்போதுதான் என் வலது காலில் கொலுசு இல்லை என்று பார்த்தேன். அம்மாவின் கொலுசு. காலையில் குளித்த இடத்தில் பாறைமேல் விட்டிருந்தேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பி அடுப்புச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஒன்றுமே கேட்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்று விரலைக் காட்டிவிட்டுக் குதித்து ஓடினான்.

"எண்ணு!" என்றீர்கள்.

"ஒண்ணு" என்றாள் அக்கா, திரும்பாமலே.

நான் தொண்டையை இறக்கி, அண்ணன் சொல்வதுபோல் கொஞ்சம் சோம்பலாக, "ரெண்டு" என்றேன். உடனே என் குரலில் "மூணு". ஏற்றத்தில் லாரி ஊர்ந்துதான் போகும், அவன் ஓடிவந்து தொற்றிக்கொள்வான் என்று நினைத்தேன்.

முன்னாலிருந்து சத்தமே இல்லை. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பிறகு நீங்கள் "நாலு" என்றீர்கள். லாரி கிளம்பியது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. புதுக் கேம்பில் இறங்கினால் அண்ணனைக் காணோம். மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு வந்த ரோட்டிலேயே திரும்பி நடந்தீர்கள். அண்ணன் காட்டில் வழி தவறி, கடற்கரைக்கு வந்து, கரையோரமாகவே நடந்து பொழுதுசாயும் நேரத்தில் கேம்புக்கு வந்து சேர்ந்தான். நீங்கள் ரோட்டில், அவன் கடலோரத்தில். நீங்கள் வரவில்லை. ஓடையில் வெள்ளம். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் தேடப் போனவர்கள் உங்கள் குடையைக் கொண்டுவந்தார்கள். அது ஓடையில் கிடக்கவில்லை, அப்பா. அக்கரையில், பழைய கேம்ப் பக்கம், ஒரு மரத்தில் சாத்திவைத்த மாதிரி நின்றிருந்தது. அப்படியானால் ஓடையைத் தாண்டிவிட்டீர்கள். தாண்டியபின் எங்கே போனீர்கள்?

"ஏண்டா இறங்கின?" என்று அக்கா கேட்டபோது அண்ணன், "குளிக்கப் போனேன்" என்றான். கொலுசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அதற்கு முன்பே என் கையில் அழுத்திவிட்டிருந்தான். அக்காவுக்கு அன்று இருபது வயது. அழுகையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவன்மேல் கொட்டினாள். "அப்பாவக் கூட்டிட்டு வா. இல்லேன்னா என் மூஞ்சியில முழிக்காத."

அவன் போனான். பதினேழு வயது. வரவே இல்லை. மாயாபந்தர் பக்கம் ஒரு மர டிப்போவில் வேலை செய்கிறான் என்று யார் யாரோ சொல்லித்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம். பிறகு பழக்கம். ஆனால் உங்கள் குரல் விடவில்லை. படகிலோ பஸ்ஸிலோ ஏறி உட்கார்ந்தால் வண்டி கிளம்புவதற்கு முன் ஒரு கணம் சத்தம் அடங்குமே, அந்த இடத்தில் நீங்கள் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கும். "நாலு" மட்டும் வராது.

பன்னிரண்டு வருஷம் முடிந்துவிட்டது, இனியும் காரியம் செய்யாமல் இருக்கக் கூடாது என்று கோயில் பூசாரி அக்காவிடம் சொன்னார். உடல் கிடைக்காதவருக்குப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைக்கலாமாம். மகன்தான் வைக்கவேண்டுமாம். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "அவனுக்கு எழுது" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் எழுதினேன். அவனிடமிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. உள்ளே ஒரே வரி: 'ஓடைக்குப் பக்கத்தில் பழைய கேம்ப் இடத்துக்கு வந்துவிடுகிறேன்.'

அப்படித்தான் கிளம்பினோம். ரங்கத் வரை படகு. அங்கிருந்து மாப்பிள்ளை ஏற்பாடு செய்த லாரி. பின்னால் தார்ப்பாய், மூங்கில் கழிகள், மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, மீனாவின் பொம்மை, கோணிப்பையில் சுற்றிய உங்கள் குடை. பன்னிரண்டு வருஷத்தில் அக்கா அதை ஒருமுறைகூட விரித்ததில்லை, யாரையும் விரிக்க விட்டதுமில்லை. மழையில் ரோடு பாதி சேறு, பாதி பள்ளம். முதல் நாள் சக்கரம் புதைந்து, கடற்கரை ஓரமாகத் தார்ப்பாய் கட்டித் தங்கினோம். மீனாவுக்கு ஒரே கொண்டாட்டம். அட்டைக்குப் பயந்து காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு, "அம்மா, நாம இங்கியே இருந்துடலாமா?" என்றாள். மாப்பிள்ளை சூரை மீன் வாங்கிவந்து சுட்டுக்கொடுத்தார். உல்லாசப் பயணம் வந்த குடும்பம் என்றுதான் எங்களைப் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

காலையில் லாரி ஏறியபோது சத்தம் அடங்கியது. நீங்கள் செருமினீர்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவளும் வண்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்குமோ? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் பழைய கேம்ப் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் அடித்த இடமெல்லாம் புதர். அண்ணன் முன்பே வந்து எங்களுக்காக இடத்தை வெட்டித் துப்புரவாக்கி, நாலு கழியும் நட்டுவைத்திருந்தான். தலை முன்பக்கம் நரைத்துவிட்டது, அப்பா. இருபத்தொன்பது வயதில் அந்த நரை. நிற்கிற நிற்பு அப்படியே உங்களுடையது. லாரியிலிருந்து இறங்கிய அக்கா ஓரடி பின்வாங்கினாள்.

அவன் அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்கா, அப்பாவக் கூட்டிட்டு வரலக்கா."

அக்கா அடுப்பு மூட்டப் போய்விட்டாள். ஆனால் சோறு ஆனதும் முதல் தட்டு அவனுக்குத்தான் போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "மீனுக்குட்டி, மாமா யாருன்னு தெரியுமா?" என்றான். அவள், "தெரியுமே, குளிக்கப் போன மாமா" என்றாள். வீட்டில் எப்போதும் சொல்லிச் சொல்லி அவனுக்கு அதுதான் பெயர். அண்ணன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

இதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இடுப்பில் முடிந்துவைத்திருந்த கொலுசை எடுத்து அக்காவின் மடியில் போட்டேன்.

"அவன் குளிக்கப் போகலக்கா. இத எடுக்கப் போனான். நான்தான் அனுப்புனேன். அப்பா எண்ணச் சொன்னப்ப 'ரெண்டு' சொன்னது அவன் இல்ல. நான் சொன்னேன்."

அக்கா கொலுசைத் தொடவில்லை. என்னையே பார்த்தாள். "பன்னெண்டு தீபாவளி" என்றாள். "ஒவ்வொரு தீபாவளிக்கும் என் கையால எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு, என் கையால சாப்பிட்ட. ஒருநாளும் உனக்குத் தொண்டையில அடைக்கலியாடி?"

அடைத்தது, அப்பா. ஆனாலும் விழுங்கினேன். அதை எப்படிச் சொல்வேன்?

"அவள விடுக்கா" என்றான் அண்ணன். "எனக்கு அப்பவே தெரியும். பாறைகிட்ட நிக்கிறேன், என் குரல் லாரியில கேக்குது. சிரிப்பு வந்திருச்சு. நமக்கு நேரம் வாங்கிக் குடுக்குறா கழுதைன்னு நெனச்சேன். ஓடிவந்தா லாரி மேல வளைவுல நிக்கிற சத்தம் கேட்டுச்சு. குறுக்கால போனா முன்னாடி போயி மறிச்சிறலாம்னு காட்டுக்குள்ள எறங்குனேன். அதுதான் நான் பண்ணுன தப்பு."

"வளைவுல எதுக்கு நின்னுச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்னு அப்பா நிறுத்தச் சொன்னாரு" என்றாள் அக்கா. "ரொம்ப நேரம் நின்னோம். டிரைவர் மழை வருது, ஓடை ஏறிரும்னு கத்துனான்."

"தண்ணி ஊத்துனாங்களாக்கா?" என்றான் அண்ணன்.

அக்கா யோசித்தாள். "இல்ல. அப்பா எறங்கி ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. பின்னாடி வரவே இல்ல."

அப்போது நான் கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஏன் இதைக் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. "அண்ணன் லாரியில இல்லைன்னு அப்பாகிட்ட யாரு சொன்னது?"

"நீதான்" என்றாள் அக்கா. "நீதான சொல்லியிருப்ப?"

"நான் சொல்லலக்கா. பயந்துக்கிட்டுச் சாமான் மூட்டைக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். நீ சொன்னேன்னு நெனச்சேன்."

"எனக்கே அப்பா போனதுக்கு அப்புறந்தான் தெரியும். அவனும் உன்கூட மூட்டைக்குப் பின்னாடி இருக்கான்னு நெனச்சேன். டிரைவர்தான் வந்து, உங்கப்பா குடையத் தூக்கிட்டுத் திரும்பி நடக்குறாருன்னு சொன்னான்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாருமே உங்களிடம் சொல்லவில்லை, அப்பா. புதுக் கேம்பில் லாரி நின்றதும் பின்னால் வந்து எண்ணிக்கூடப் பார்க்காமல் நேராக நடந்தீர்கள். கேம்பு முழுக்கப் பயந்த அந்தக் காது. நான் எப்படி ஏமாற்றிவிட்டதாக நம்பினேன்?

பென்சிலைக் கீழே வைத்திருக்கலாமே! "எவ அது, எறங்குடி கீழே" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதுமே. டிரைவர் முன்னால் மகள் பொய் சொன்னாள் என்று ஆகவேண்டாம் என்று நினைத்தீர்களா? அந்த நீண்ட மௌனத்துக்குப் பிறகு "நாலு" என்றபோது உங்கள் தோள் குலுங்கியதா? சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்களா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். நான் ஓரளவு தூங்கிவிடுவேன்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் ஓடைக்கரைப் புல்லை அறுத்து உருவம் கட்டினான். அக்கா உங்கள் பழைய வேட்டித் துண்டைச் சுற்றினாள். கொள்ளி வைக்கும்போது மழை தூற ஆரம்பித்தது. நெருப்பு அணைந்துவிடும் என்று அண்ணன் கையைக் குவித்துப் பிடித்தான். அக்கா போய்க் கோணிப்பையைப் பிரித்து உங்கள் குடையை எடுத்தாள். கம்பிகள் துருப்பிடித்து இரண்டு பக்கம் விரியவே இல்லை. விரிந்த மட்டும் விரித்து, அண்ணன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். உருவம் எரிந்து முடியும்வரை பிடித்திருந்தாள். அவள் நனைந்துகொண்டிருந்தாள். பிறகு குனிந்து, "வீட்டுக்கு வாடா" என்று அவன் காதில் சொன்னாள். என்னிடம் அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவாள். கொலுசைத் திருப்பித் தரவில்லை, தன் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.

சாமான் ஏற்றியாயிற்று. அண்ணனும் பின்னால் எங்களோடு ஏறினான். டிரைவர் எஞ்சினை முடுக்கிவிட்டு, "சலேன், தீதி? பானி பட் ரஹா ஹை" என்றான், கிளம்பலாமா என்று தண்ணீர் ஏறுகிற ஓடையைக் காட்டி. சத்தம் அடங்கியது. நீங்கள் செருமினீர்கள். இந்த முறை நான் அக்காவைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு" என்றாள் அக்கா.

"ரெண்டு." அவன் குரல், அப்பா. கனத்துப்போன, தழைந்த, அவனுடைய சொந்தக் குரல்.

"மூணு" என்றேன்.

அடுத்தது உங்கள் முறை. அண்ணன் லாரியின் பக்கப் பலகையைத் தட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னான். வளைவில் நீங்கள் அவனுக்காக நின்ற நேரம் அளவுக்காவது உங்களுக்காக நிற்கவேண்டாமா? நின்றோம். மழை தார்ப்பாய்மேல் விழுந்தது. ஓடைக்கரை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிரைவர் இரண்டு தரம் ஹார்ன் அடித்தான். ஓடை ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் வரவில்லை.

அக்கா என் முழங்கையைத் தொட்டாள். முதல் நாள் மாலையிலிருந்து அவள் என்னைத் தொட்டது அதுதான். "சொல்லு" என்றாள். "உனக்குத்தான் வரும்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். சொன்னேன்.

நான் சொன்ன மாதிரியே இல்லை. முன்னால் டிரைவர் பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். லாரி நகர்ந்தது. மீனா என் புடவையை இழுத்து, "அம்மா, யாரு பேசுனது?" என்றாள். "தாத்தா" என்றாள் அக்கா.

அப்பா, இனி யாருக்குப் பதிலாகவும் குரல் கொடுக்கமாட்டேன், உங்களுக்கும்கூட. இது சத்தியம். ஆனால் எங்கே எப்போது கிளம்பினாலும், மூன்று பேரும் எண்ணி முடித்தபின் உங்கள் முறைக்கு நேரம் விட்டுத்தான் கிளம்புவோம். அந்த ஒரு தடவை நான் சொன்ன "ரெண்டை"க் கண்டுகொள்ளாமல் விட்டீர்களே, போன வாரம் நான் சொன்ன "நாலை"யும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இருக்கிறேன், அப்பா. இது என் சொந்தக் குரல்தான்.

உங்கள் சின்ன மகள்,
மூணு